மரம் நகர்ந்ததா, போன் நகர்ந்ததா

உடப்புசல்லாவை,
செவ்வாய்க்கிழமை, மாலை.

அன்புள்ள என் கணவர் கிஷாந்த் அவர்களுக்கு,

உங்கள் தனுஷிகா எழுதுவது. நானும் பாப்பாவும் மாமாவும் சுகம். கட்டாரில் நீங்களும் சுகமாக இருக்க முனியாண்டி சாமியை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் பேசாமல் இதென்ன கடிதம் என்று சிரிக்காதீர்கள். சுவரோடு சுவர் ஒட்டின இந்தத் தோட்ட லயத்தில் போன் பேசினால் அடுத்த வீட்டு ராக்காயி அக்கா வரைக்கும் கேட்கும். மாமாவோ, உங்கள் அப்பாவைத் தெரியாதா, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனால்தான் தாளில் எழுதி, படம் பிடித்து, சிக்னல் கிடைக்கிற வளைவுக்குப் போய் அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

இங்கே மழை விட்டபாடில்லை. மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீர் கலங்கலாக வருகிறது, துணியில் வடிகட்டித்தான் குடிக்கிறோம். குசினிக் கதவைச் சாத்த முடியவில்லை. மழையில் மரம் ஊறிவிட்டது என்று மாமா அடியைச் சீவினார். மறுநாள் அது மறுபடியும் இறுகிக்கொண்டது. பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. என் விரலைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

அங்கே மழையே இல்லை, நம் மலை மின்னலைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டீர்களே, அதில் பிடித்ததுதான் எனக்கு இந்தக் குழப்பம். முதல் நாள் ஜன்னல் கண்ணாடியில் என் முகம்தான் பேய் மாதிரி விழுந்தது. அதற்கு நீங்கள், லைட்டையும் பிளாஷையும் அணை, வெளியே மட்டும் போய்விடாதே, போன் கொஞ்ச நேரம் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி வை, மின்னலைக் கண்ட பிறகு அமுக்கினால் இருட்டுதான் மிஞ்சும், முன்னாலேயே அமுக்கிவிட்டுக் காத்திரு, போன் துளியும் ஆடக் கூடாது என்றீர்கள். ஸ்டாண்டுக்கு நான் எங்கே போவேன்? ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை பிடித்து, ஜன்னல் கட்டையில் வைத்து, போனை அதில் செருகினேன். மின்னும்போது மூஞ்சி பாக்குற கண்ணாடியையே துணி போட்டு மூடுற வீட்டுல இவ போனத் தொறந்து வைக்கிறா என்று மாமா முணுமுணுத்தார்.

ஒருவழியாக ஒரு மின்னல் மாட்டியது. நீங்களும் இதயமாகப் போட்டு அனுப்பினீர்கள். அந்த ஆசையில் மழை பெய்த மாலையெல்லாம் அதே இடத்தில் வைத்து எடுத்தேன். நேற்று எடுத்ததையும் முதல் படத்தையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் படத்தில், லயத்துக்கு மேலே இருக்கிற மேட்டில், முனியாண்டி சாமியின் சவுக்கு மரம் நேராக நிற்கிறது. அதற்குப் பக்கத்தில், தூரத்து மலையில், டவரின் சிவப்பு விளக்கு தெரிகிறது. நேற்றைய படத்தில் விளக்கைக் காணோம். மரம் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து அதை மறைத்து நிற்கிறது.

மாவு இளகிப் போன் சரிந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், என் கைவேலை லட்சணம் அப்படி. ஆனால் போன் சரிந்திருந்தால் தூரத்து மலையும் சேர்ந்து சரிந்திருக்க வேண்டுமே. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. மரம் மட்டும்தான் மாறியிருக்கிறது. தினமும் பார்க்கிற மரம், அது சாய்ந்தது கண்ணுக்குத் தெரியவே இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் காட்டினேன். மின்னல் நல்லா வந்திருக்கு தங்கச்சி என்றார். மரத்தைப் பாருங்க என்றேன், மழைக்கு எல்லா மரமும் சாயும் என்று போய்விட்டார். எல்லோரும் மின்னலைத்தான் பார்க்கிறார்கள்.

மாமா மட்டும் மரத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. சாமி மரத்தப் போட்டோ புடிச்சுப் புடிச்சு அவர மொகம் திருப்ப வச்சிட்டியே தாயி என்றார். கோயில் தலைவரான அவர் சொன்னால் லயமே சொன்ன மாதிரிதானே. வெள்ளிக்கிழமை மரத்தடியில் பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, சாமியைச் சமாதானம் செய்யப் போகிறார்கள். லயத்து சனம் முழுக்க அங்கேதான் உட்காரும். தப்புச் செய்தவள் நான் என்பதால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் பானையை நான்தான் வைக்க வேண்டுமாம்.

மேட்டு மண்ணே நகர்கிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கலங்கல் தண்ணீரும் சாத்த முடியாத கதவும் சாய்ந்த மரமும் ஒரே விஷயமா, நானாக முடிச்சுப் போட்டுக் குழம்புகிறேனா, தெரியவில்லை. சாமி கோபமாக இருந்தாலும் இருக்கலாம், அதையும் என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மாட்டேன் என்று நான் சொன்னால், செய்வதையும் செய்துவிட்டு வாய் வேறு என்பார்கள். மாமாவுக்கு உங்கள் வார்த்தை ஒன்றுதான் காதில் ஏறும்.

நாளைக்கே அவருக்குப் போன் எடுங்கள். படத்தைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ பேச வேண்டாம், கோபப்படுவார். முனியாண்டி உங்கள் கனவில் வந்தார் என்று சொல்லுங்கள். இந்தத் தடவை பொங்கலைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வைக்கச் சொன்னார், மழை விடும்வரை சனத்தையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படுக்கச் சொன்னார் என்று சொல்லுங்கள். சாமி பேரில் பொய் சொன்ன பாவம் என் தலையில் இருக்கட்டும். முதல் பானையை அங்கே நானே வைத்து, விழுந்து கும்பிட்டு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் ஊருக்கு வரும்போது அந்த மரம் அப்படியே நின்றால், லயத்துக்கு முன்னால் வைத்து என்னைத் திட்டுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அந்தத் திட்டை வாங்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றி சாமியிடம் கேட்கிறேன்.

பாப்பாவின் முத்தங்களுடன்,
உங்கள் அன்பு மனைவி,
தனுஷிகா