ஆய்வாளர் தர மறுத்துவிட்டார்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்க்கிறேன், வீட்டுக்கு வருகிறேன். அவள் கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்களிடம் ஆமாம் என்கிறேன். சில நாள் அது உண்மையும்கூட.

இதை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். மூன்று அனுப்பினேன், ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். இதைக் கையில் வாங்கிப் பிரித்துத்தானே ஆக வேண்டும்.

நீங்களும் அவளும் ஏழு வருடம் ஸ்கூட்டரில் அலைந்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று சோதித்தீர்கள். அந்தக் கணக்கெல்லாம் நிறுவனத்தின் இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம் என்று வாசலிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கும் களஞ்சியம். ஆனால் உங்கள் கோப்பில் மட்டும் பூட்டுப் படம். கீழே ஒரு பொத்தான்: ‘ஆய்வாளரிடம் கேட்கவும்.’

கேட்கிறார்கள் அக்கா. அவள் போன பிறகு பத்தொன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். அவளுடைய சொந்த மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்து வைத்திருந்ததால் அத்தனையும் அவள் போனில் வந்து விழுகிறது. அந்தப் போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். சம்மதம் என்று அழுத்த நிறுவனத்தின் கடவுச்சொல் வேண்டும். அதை அவள் போன ஒரே வாரத்தில் முடக்கிவிட்டார்கள். லேப்டாப்பையும் வந்து வாங்கிப் போனார்கள். சார்ஜர் எங்கே என்று இரண்டு தடவை போன் வேறு. அதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு!

பதினைந்து நாள் பதில் இல்லையென்றால் கேட்டவர்களுக்குக் களஞ்சியமே ஒரு கடிதம் போடுகிறது. ‘உங்கள் கோரிக்கையை ஆய்வாளர் ஏற்கவில்லை. தரவைத் தர மறுத்துவிட்டார்.’ கீழே அவள் பெயர். பத்தொன்பது கடிதம். மறுத்தாளாம்! எதிர்வீட்டுக்காரர் கேட்டாலே சோதனைச் சீட்டைப் பிரதி எடுத்துக் கொடுத்தவள் மறுத்தாளாம்.

களஞ்சிய அலுவலகத்துக்கு நேரில் போனேன். பொறுப்பில் இருந்த பெண், “பூட்டை எடுக்கணும்னா ஆய்வாளரே வந்து கையெழுத்துப் போடணும் சார்” என்றாள். “அவ என் மனைவி. செத்துட்டாம்மா” என்றேன். திரையைப் பார்த்துக்கொண்டே, “அப்படின்னா ஒரு மெயில் மட்டும் போடச் சொல்லுங்க, போதும்” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. எழுந்து நின்றுவிட்டாள். பாவம், அவளைத் திட்டி என்ன? விதியைத் தேடி எடுத்தாள். முதல் ஆய்வாளர் இல்லாத பட்சத்தில் இரண்டாம் ஆய்வாளர் சம்மதித்தால் போதும். அதாவது நீங்கள்.

நீங்கள் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். ‘என் கட்டுரை வெளிவரட்டும் தம்பி. ஆறு மாசம்தானே, கொஞ்சம் பொறுங்கள்.’

நான் பொறுப்பேன் அக்கா. எனக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? கேட்டவர்களில் ஒருவர் சுகாதார நிலைய நர்ஸ். அவர் பகுதியில் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் பழுப்பேறுகிறதாம், இரண்டு பேருக்கு முழங்கால் வளைகிறதாம். நூற்றுப் பதினெட்டாம் கிணறு குடிக்கலாமா என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தார். அவருக்கும் அதே கடிதம் போயிருக்கிறது. போன் எண் இருந்தது, கூப்பிட்டேன். “பரவாயில்லைங்க, மேடத்துக்கு என்ன சங்கடமோ. நாங்க வேற யார்கிட்டயாவது கேட்டுக்கறோம்” என்றார். அவள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அதுவரை அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன்? அந்தக் கிணற்றின் அளவு உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் கையால் பாட்டிலில் பிடித்த தண்ணீர்.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்தப் பூட்டைப் போட்டதே நான்தான். கோப்பைக் களஞ்சியத்தில் ஏற்றிய அன்று படிவத்தை நிரப்ப என்னைத்தான் உட்காரவைத்தாள். எல்லாருக்கும், கேட்பவருக்கு, யாருக்கும் இல்லை என்று மூன்று கட்டம். “எல்லாருக்கும்னு போடுங்க, இது என்ன நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா?” என்றாள். நான்தான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, “எவனாவது சுட்டுடுவான், அக்கா கட்டுரையும் வரட்டும், அப்புறம் மாத்திக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை” என்றேன். முறைத்தாள். ஆனால் விட்டுவிட்டாள். அதற்கடுத்த மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எங்கள் ஃபிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் உங்கள் பாட்டில்கள்தானே நிற்கும். ஒருநாள் தெரியாமல் நாற்பத்தொன்றை எடுத்து டீ போட்டுவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் நோட்டைப் புரட்டிப் பார்த்து, “பிழைச்சீங்க போங்க, நல்ல தண்ணிதான்” என்றாள். ஆறு பாட்டில் இன்னும் நிற்கிறது. கொட்டவில்லை. என்னிடம் நோட்டு இல்லை, அதையும் லேப்டாப்போடு கொண்டுபோய்விட்டார்கள்.

நூற்றுப் பதினெட்டை மட்டும் போனில் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். மிச்சம் முந்நூற்றுப் பதினொன்றையும் யாரோ குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரை நன்றாக வரும், யாரும் திருடிக்கொண்டு போக மாட்டார்கள். அப்படியே திருடினாலும் தண்ணீரைப் பற்றித்தானே எழுதப் போகிறார்கள்.

சம்மதப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். இரண்டு நிமிட வேலை.

நீங்களும் பிள்ளைகளும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இருபதாவதாக நேற்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதினான்கு நாள் இருக்கிறது. அவருக்காவது அவள் மறுக்காமல் இருக்கட்டும் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் தம்பி