கறையில்லாத பேட்

நகரி
16-2-2025, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சந்தியாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறோம், நான் முன்னால், அவள் ஏதாவது கேட்டுத் துரத்திக்கொண்டு பின்னால். நீ அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நைட் டூட்டி முடிந்து ஒழுங்காகத் தூங்குகிறாயா, காலில் பித்தவெடிப்புக்கு எண்ணெய் தடவினாயா என்று தெரிந்துகொள்ள ஆசை. எண்ணெய் என்று எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது, ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். வாரா வாரம் வீடியோவில் மூஞ்சி பார்க்கிறோமே, கிழவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை அம்மா பிடித்துக்கொண்டால் எனக்குக் கிடைப்பது உன் பாதி நெற்றிதான். எழுதி போட்டோ பிடித்து அனுப்பலாம் என்றால் அதற்கும் எதிர்வீட்டு ரகுவைத்தான் கேட்கவேண்டும், அவன் லூம் மெக்கானிக், ஆனால் வாய் மட்டும் ரேடியோ. நான் சொல்லப்போவது ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். அதனால்தான் தபால். நீ ஐந்தாவதுவரைதான் தமிழ் மீடியம் என்பதால் எழுத்தைப் பெரிது பெரிதாகப் போட்டிருக்கிறேன், கூட்டிக் கூட்டிப் படி, அவசரம் இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் மாடிப்படி ஏறாதே என்றார். வீட்டுக்கு மாடியே கட்டித் தராத மனுசனை விட்டுவிட்டு என்னிடம் வந்து இதைச் சொல்கிறாரே என்று அவள் வெளியே வந்து என்னைத்தான் திட்டினாள். எனக்குக் குடோனில் அதே துணி செக்கிங் வேலைதான், லுங்கியும் துண்டும் விரித்து விரித்துக் கறை பார்த்து, இழை அறுந்தது பார்த்து, முடிச்சு பார்த்து, நல்லது ஒருபக்கம் செகண்ட்ஸ் ஒருபக்கம் போடுவது. முப்பத்தொரு வருசம் ஆகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை மூஞ்சியைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் வேட்டிக் கரையைத்தான் கண் பார்க்கிறது. விஜயபுரத்திலிருந்து உன் கங்கையா மாமா இந்த வருசமும் செக்கில் ஆட்டின கடலை எண்ணெய் ஒரு டின் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பாவம் அந்த மனுசன், அவர் கதையும் பின்னால் வருகிறது.

விசயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசும்போது நான் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து பெண்கள் கிரிக்கெட் டீம் ஆரம்பித்திருக்கிறார்கள், ஏப்ரலில் மேட்ச், பேட் வாங்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு எழுந்து உட்காரவேண்டும்போல இருந்தது. அடுத்த பேச்சில் மறுபடி படுத்துவிட்டேன். “நா பத்தாவதா எறங்கறேன்னு சொல்லிட்டேம்மா, எனக்குதான் யார்க்கர் ஆட வராதே, அன்னிக்கே திருப்பதில பேட்ட ஒடச்சிக்கினு வந்தவதானே” என்று சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருசமாக நீ அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாயா சந்தியா? அந்த பேட்டை உடைத்தது நீ இல்லை. நான்.

முதலில் இருந்து சொல்கிறேன். அதுவரை நீ ஆடினது எல்லாம் டென்னிஸ் பந்து. மாவட்ட டீமுக்குப் பெண்களை எடுக்கிறார்கள், திருப்பதியில் செலக்‌ஷன், நிஜப் பந்து என்றதும் நாம் இரண்டுபேரும் ரேணிகுண்டா போய் பஸ் மாறி பேட் வாங்கப் போனோம். கடையில் நீ ஒன்றை எடுத்தாய். அதன் முகத்தில் குறுக்கே பழுப்பாக, பட்டாம்பூச்சி செத்து ஒட்டிக்கொண்ட மாதிரி திட்டுத்திட்டாகக் கறை. நீ அதைக் கையில் பிடித்துப் பந்தை இரண்டு தட்டு தட்டினாய், உன் மூஞ்சியே மாறிப்போனது, இதுதான் நைனா என்றாய். நான் என்ன செய்தேன்? குடோனில் லுங்கி பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். எச்சில் தொட்டுக் கறையைத் தேய்த்தேன், போகவில்லை. மனசுக்குள் செகண்ட்ஸ் என்று முத்திரை குத்திவிட்டேன். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து இன்னொன்று கொண்டுவந்தார். பால் மாதிரி வெள்ளை. “ஒக்க மச்ச கூட லேது சார்” என்றார், ஒரு கறைகூட இல்லையாம். நானும் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீ அதைத் தட்டினபோது சத்தம் தண்ணி கோத்த சுவரைத் தட்டின மாதிரி இருந்தது, அது என் காதிலும் விழுந்தது. விழுந்தும் அதைத்தான் வாங்கினேன். நீ கறை பேட்டையே பார்த்துக்கொண்டு நின்றதால், அதை வேறு யாரோ புக் பண்ணிவிட்டார்களாம் என்று சொன்னேனே, அது பொய். யாரும் புக் பண்ணவில்லை.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. பேட்டுக்கு எண்ணெய் போடவேண்டும் என்று கடைக்காரர் ஒரு சின்ன சீசா கொடுத்தார், ஆளி விதை எண்ணெய், துணியில் தொட்டு லேசாகத் தடவச் சொன்னார். நீ தடவி வைத்துவிட்டு பரீட்சைக்காகப் பாகாலாவில் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சீசா எண்ணெய் ஒரு மரத்துக்கு எந்த மூலைக்கு? நமக்கு எண்ணெய்க்கா பஞ்சம்? மாமா கொடுத்த கடலை எண்ணெய் டின்னைத் திறந்து, ஒரு குடத்தில் பாதி ஊற்றி, பேட்டைத் தலைமேலே கால்கீழே நிற்கவைத்து, கட்டிலுக்குப் பின்னால் மறைத்துவிட்டேன். ஒருநாள் இல்லை, நான்கு நாள். மாங்காய் ஊறுகாயைக்கூட நான் அவ்வளவு அக்கறையாக ஊறவைத்ததில்லை. அது குடித்துக்கொண்டே இருந்தது, நானும் நல்லது நல்லது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தால் எறும்பு வரிசை கட்டி வந்தது, மஞ்சள்தூள் போட்டு விரட்டினேன். நீ வந்து தூக்கிப் பார்த்து, இன்னா நைனா வெயிட்டாகிக்கினு போச்சி என்றபோது, பரீட்சை எழுதி உனக்குத்தான் கை சோர்ந்திருக்கிறது என்றேன். பேட் குடித்தது போக மிச்ச எண்ணெயை நான் வீணாக்கவில்லை, திரும்ப டின்னிலேயே ஊற்றிவிட்டேன். அந்த வாரம் நீ ஒன்பது மிளகாய் பஜ்ஜி தின்றது ஞாபகம் இருக்கிறதா? மன்னித்துக்கொள். டின்னில் எண்ணெய் குறைந்திருப்பதைப் பார்த்த அம்மா, தன் கூடப்பிறந்த தம்பியே அளவு குறைத்துக் கொடுத்துவிட்டான் என்று மாமாவோடு ஆறு மாதம் பேசவில்லை. அந்த மனுசன் இன்றைக்கும் டின்னை இறக்கிவைத்ததும் மூடியைத் திறந்து, “பாத்துக்கோ அக்கா, கழுத்து வரைக்கும் கீது” என்று காட்டிவிட்டுத்தான் தண்ணி குடிக்கிறார்.

செலக்‌ஷன் அன்று நான் காம்பவுண்டு சுவர்மேல் உட்கார்ந்திருந்தேன். முதல் பந்து விட்டாய், இரண்டாவது தட்டி ஒரு ரன், திரும்ப உன் முறை வந்தபோது பந்து போட்ட பெண் உன் காலுக்கடியில் ஒரு யார்க்கர் போட்டாள். பேட்டின் அடித்துண்டு பெயர்ந்து கீப்பர் பக்கம் போய் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். யாருடையதோ ஒரு பேட்டைக் கொடுத்தார்கள், உன் இடுப்புக்கு மேலே நின்றது, அடுத்த பந்தில் போல்டு.  பஸ் புத்தூரைத் தாண்டினதும் கேட்டாய், “நைனா, நா பேட்ட தப்பா எறக்கிட்டனா?” என்று. அப்போது என் பையில் அந்த உடைந்த துண்டு இருந்தது, அதிலிருந்து கடலை எண்ணெய் வாசனை என் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “ஆமாம்மா, யார்க்கர்க்கு அப்டியா எறக்குவாங்க” என்றேன். அதற்குப் பிறகு நீ பேட்டைத் தொடவில்லை. நான் சொன்னதிலேயே கேவலமான சொல் அதுதான். உன் அம்மாவுக்குப் பயந்தேன், இருபது வருசம் கறை பிடிக்கிறவன் ஏமாந்தான் என்று ஊர் சிரிக்கும் என்று வெட்கப்பட்டேன். அதற்காகப் பதினேழு வயசுப் பெண்ணை மாட்டிவிட்டேன்.

அடுத்த வாரமே யாருக்கும் தெரியாமல் துண்டுகளை எடுத்துக்கொண்டு திருப்பதியில் பேட் ரிப்பேர் பண்ணும் நாராயணசாமியிடம் போனேன். உடைந்த எலும்புக்குப் போடும் புத்தூர்க் கட்டு மாதிரி முட்டை வைத்துத் துணி சுற்றினால் சேருமா என்று கேட்டேன். அவர் வெள்ளையைச் சுரண்டினார். பிளீச் அடித்திருக்கிறார்களாம். அடியில், பந்து படுகிற கால் பக்கத்தில், ஒரு முடிச்சு, அதில் மரத்தூள் குழைத்த மக்கு அடைத்து மேலே பூச்சு. பிளீச் போட்ட நூலை விரலால் நிமிண்டியே சொல்கிறவன் நான், மரத்தில் கோட்டைவிட்டேன். நான்கு விரல்கடை உயரத்துக்கு எண்ணெய் இறங்கி மரம் ஊறிப்போயிருந்தது. கறை பேட்டை நான் ஒதுக்கின கதையைக் கேட்டுவிட்டு, “கறைன்றது மரத்தோட மச்சம் சார், பட்டாம்பூச்சிக் கறை இருந்தா கட்டை இன்னும் கெட்டியாத்தான் இருக்கும், அத்தப் போய் வேணாம்னீங்களே” என்றார். அன்று அவர் சொன்னதைத்தான் உனக்குச் சொல்கிறேன். நெடுக்கே ஓடும் வரிகளைப் பார். நெருக்கமாகப் பத்துப் பன்னிரண்டு இருந்தால் சீக்கிரம் நன்றாக அடிக்கும், சீக்கிரம் கிழடாகிவிடும். ஆறு ஏழு இருந்தால் பழக நேரமாகும், ரொம்ப நாள் உழைக்கும். ஒரு ஓரம் சிவந்திருந்தால் பயப்படாதே. புள்ளி, திட்டு, பட்டாம்பூச்சி எதற்கும் பயப்படாதே. முடிச்சு மட்டும் பார், தோள்பக்கம் பின்னால் சின்னதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பந்து படுகிற இடத்திலோ காலிலோ இருந்தால் வேண்டாம். ரொம்ப வெள்ளையாக இருந்தாலோ முகத்தில் பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ அடியில் என்ன என்று கேள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டிப் பார், உன் காது என் கண்ணைவிட நல்லது, அன்றைக்கே அது சரியாகத்தான் சொன்னது.

நாராயணசாமி இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் பதினோரு வருசமாக முழுங்கி வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு பஞ்சு சுற்றிய பொட்டலம் ஒன்று இருக்கும், அதுதான் உன் பேட்டின் அடித்துண்டு. மிச்ச பேட்டில் அம்மா போர்வை அடித்துத் துவைக்கிறாள், நான் வாங்கினதிலேயே உருப்படியான சாமான் அதுதானாம். துண்டைத் திருப்பிப் பார். சிவப்பாகப் பந்தின் அச்சு தெரியும். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, நட்ட நடுவில். நேராக இறக்கினால்தான் அந்த இடத்தில் விழும், இந்த யார்க்கரை இதைவிட நல்லா யாரும் ஆடமுடியாது, அந்தப் பொண்ணு எந்த டீமில் ஆடுது என்று அவர் கேட்டார். எந்த டீமிலும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. கங்கம்மா துணையிருப்பாள், கையும் காலும் நோகாமல் நூறு வருசம் நன்றாக இரு. அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், நீ ஊருக்கு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும்போது. கேப்டனிடம் மட்டும் இன்றைக்கே போய்ச் சொல், பத்தாவதாக இல்லை, முதலில் இறங்குகிறேன் என்று.

உன் நைனா,
தாமோதரன்

பின்குறிப்பு: துண்டை மோந்து பார்க்காதே. இன்னும் போகவில்லை.