பெல்லுக்குக் கட்சி தெரியாது என்று சொன்ன அருளுக்கு

அருளு மாப்ளே,

நீ இருக்கிற இடத்தில் கரண்ட் இருக்கிறதா? இங்கன காலையிலிருந்து இல்லை. தோட்டத்து மோட்டார் ஓடவில்லை, அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். பத்தாங்கிளாஸை ரெண்டு தரம் படித்தவன் எழுதுகிறேன், பிழையைப் பொறுத்துக்கொள்.

சேதி இதுதான். நம்ம சுகந்தி தேர்தலில் நிற்கிறாள், சட்டசபைக்கு. அவள் கட்சி பிறந்து, நம்ம திராட்சைக் கொடியை இன்னும் ரெண்டு தரம்கூடக் கவாத்து வெட்டி முடிக்கவில்லை. "பயமா இருக்காப்பா?"ன்னு கேட்டாள். "பயமெல்லாம் இல்ல ஆத்தா"ன்னுட்டுச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வேட்புமனு போடப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. பெரிய கட்சிக்காரரை முன்மொழிய ஒரே ஒரு ஆள் போதுமாம், புதுக் கட்சி என்றால் பத்துப் பேர் வேண்டுமாம். கையெழுத்துக் கேட்டுப் போனால் சிலர் காபி கொடுத்தார்கள், பேனாவை மட்டும் தொடவில்லை. "எங்களுக்கு ஒங்க மக மேல மரியாதைதேன், ஆனா அவுக பார்த்தாக்க..." என்று இழுத்தார்கள். அவுக யாரென்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எப்படியோ பத்துப் பேர் சேர்ந்தார்கள்.

அடுத்த நாள் பேப்பரில் வேட்பாளர் பேரெல்லாம் வந்தது. பெரிய கட்சிக்காரர்களுக்குப் படம் போட்டு, கடைசியில் 'மற்றும் பலர்' என்று முடித்திருந்தார்கள். நம்ம புள்ளை அந்தப் பலரில் ஒருத்தி. அந்தப் பேப்பரையும் நான் மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன், சிரிக்காதே.

இனிமேல்தான் என் கூத்து. பெரிய கட்சிக்குச் சின்னம் தாத்தா காலத்துச் சொத்து. புதுக் கட்சிக்கோ, விலகுகிறவர்களெல்லாம் விலகிய பிறகு, மிச்சமிருக்கும் சின்னத்தில் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் திராட்சை இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சை விவசாயி மகளுக்குத் திராட்சையைத் தராமல் வேறு யாருக்குத் தருவான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ராயப்பன்பட்டியிலிருந்து பண்ணைப்புரம் வரைக்கும் வண்டியில் போய், ஒவ்வொரு திராட்சைப் பந்தலாக நுழைந்து, "நம்ம சின்னம் திராட்சை"ன்னு சொல்லிவிட்டேன்.

"அப்பா, சின்னம் இன்னும் குடுக்கலப்பா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க"ன்னு சுகந்தி தலையில் அடித்துக்கொண்டாள். நான் எப்போது சும்மா இருந்தேன்?

கோம்பைக்காரர் ஒருத்தர், அவரும் இன்னொரு புதுக் கட்சி, அதே திராட்சையைக் கேட்டார். சீட்டுக் குலுக்கினார்கள். திராட்சை அவருக்குப் போய்விட்டது. நம்ம புள்ளைக்கு டோஸ்டர். ரொட்டி வாட்டுகிற மெஷின், மாப்ளே. நம்ம பக்கம் எத்தனை வீட்டில் அதைப் பார்த்திருக்கிறாய்?

இப்போது பந்தலில் குலை வெட்டுகிற பெண்கள் என்னைக் கண்டதும், "அண்ணே, திராட்சைக்கே குத்திருவோம்ணே"ங்கிறார்கள். "இல்ல ஆத்தா, டோஸ்டரு"ன்னா, "அது என்னண்ணே, புது மருந்தடிக்கிற மிஷினா?"ங்கிறார்கள். என் மகளுக்கு என்று நான் கேட்ட ஓட்டெல்லாம் கோம்பைக்காரர் பெட்டிக்குப் போகப்போகிறது.

நீ இருந்திருந்தால் ஒரே சாயங்காலத்தில் முடிகிற காரியம் இது. உன் கேபிள் சேனலில், அந்த நீலத் திரைக்கு முன்னால், அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வேட்பாளர்களை ஒவ்வொருத்தராக உட்காரவைத்துப் பேசவிட்டிருப்பாய். எல்லாருக்கும் ஒரே நேரம், நேரம் முடிந்ததும் சைக்கிள் பெல். அன்றைக்கு ஒரு பெரிய கட்சிக்காரர், "ஏலே, எனக்கே அடிக்கிறியா?"ன்னு எகிறினார். "பெல்லுக்குக் கட்சி தெரியாதுண்ணே"ன்னு சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் அடித்தாயே! மறுநாள் ஊரே அதைத்தான் பேசியது.

நீ கண்ணை மூடிய பிறகு உன் சேனலை வேறு ஆள் நடத்துகிறார். காலையில் ஒரு கட்சிக் கூட்டம் காட்டுகிறார், ராத்திரியும் அதே கூட்டம். நம்ம சின்னம் டோஸ்டர் என்று ஒரு வரி சொல்லச் சொல்லிக் கேட்டேன். "அது நியூஸ் இல்லண்ணே"ன்னுட்டார். ஒரு புள்ளைக்கு ஓட்டு எந்தப் பொத்தானில் என்பது நியூஸ் இல்லையென்றால், வேறு எதுதான் நியூஸ்? போனில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒவ்வொருத்தர் போனிலும் ஒவ்வொன்று வருகிறது. டோஸ்டர் யார் போனிலும் வரவில்லை.

நேற்று உன் வீட்டுக்குப் போய் உன் பெண்சாதி ஸ்டெல்லாவிடம் புலம்பினேன். அது உள்ளே போய் அந்த நாற்காலியையும் நீலத் திரையையும் எடுத்துப் போட்டது. "நாளன்னிக்கிச் சாயங்காலம் எல்லாரையும் கூப்புடுறேண்ணே. போன்ல எடுத்து ஊர் குரூப்புக்கெல்லாம் அனுப்புவோம். அவரு வச்ச முறைதேன், எல்லாருக்கும் ஒரே நேரம்"னு சொன்னது. அங்கேயே நின்று போன் போட்டது. பெரிய கட்சிக்காரர்கள் பார்க்கலாம் என்றார்களாம். கோம்பைக்காரர் முதல் ஆளாக வருகிறேன் என்றாராம். அவருடைய திராட்சையையும் யாரும் காட்டவில்லையே, பாவம்.

அப்புறம் அந்த சைக்கிள் பெல்லைத் தூக்கி என் கையில் வைத்தது.

"ஏந்தாயி, என்கிட்டயா? எம் மக நிக்கிறா. ஊரு நம்புமா?"

"அதுக்குத்தேன் ஒங்க கையில குடுக்கேன். ஒங்க மகளுக்கு நீங்களே அடிச்சீகன்னா, அப்புறம் எவன் நம்பாம இருப்பான்?"

வந்ததிலிருந்து பெல் மடியிலேயே கிடக்கிறது. சுகந்தி மெதுவாகப் பேசுகிறவள். சின்னம் இன்னதென்று சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டால்? கொஞ்சம் கை தாமதித்தால் யாருக்குத் தெரியும்? ஸ்டெல்லாவுக்குத் தெரியும். உனக்கும் தெரியும், இல்லையா?

விடிந்தால் பந்தல் பந்தலாகப் போய் "திராட்சை நம்மது இல்ல ஆத்தா"ன்னு சொல்லப் போகிறேன். சாயங்காலம் உன் வீட்டுக்கு வருவேன். கோம்பைக்காரருக்கு எத்தனை நிமிஷத்தில் அடிக்கிறேனோ, அத்தனை நிமிஷத்தில் என் மகளுக்கும் அடிப்பேன், அவள் பாதிச் சொல்லில் நின்றாலும். இது உனக்குத் தருகிற வாக்கு.

உன் மாப்ளே,
டோஸ்டர் சுகந்தியின் அப்பன்