கோரை முளைத்த மனை

ஆவணி 15, ஞாயிறு

மகன் குமரன் வீடு கட்ட வாங்கப்போகும் மனையை இன்றுதான் என்னிடம் காட்டினான். எல்லைக்கல்லைச் சுற்றிக் கோரை மண்டிக் கிடக்கிறது. தண்ணீர் நிற்கும் மண்ணில்தான் இப்படி வளரும். ஐப்பசி மழையில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு வாங்கு என்றேன்.

"புல்ல வெட்டிட்டா செரியாப்பூடும் நைனா. இன்னாத்துக்கு பேஜார் பண்ற?" என்றான் கூட வந்திருந்த மனைத் தரகன்.

குமரன் சிரித்தான். "அப்ரூவல் கீதுப்பா. நீ இன்னா இஞ்சினியரா?"

நாற்பது வருஷம் உழுதவனுக்கு மண் தெரியாதாம். சிறுசேரியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவனுக்குத் தெரியுமாம்.

ஒரு கோரையைக் கிழங்கோடு பிடுங்கி அவன் கார் சீட்டில் போட்டுவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

நாளை பத்திரப்பதிவு. நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டுமாம். போவேன். பேனாவைத் தொடமாட்டேன்.