ஜன்னலோரக் கட்டில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் கால் வீக்கம் வடிந்ததா? இதை அப்பாவுக்கு முழுதும் படித்துக் காட்டாதே.

அந்தப் பயணிகள் விடுதியிலிருந்து கிளம்பிவிட்டேன். பயப்படும்படி ஒன்றுமில்லை. படுக்கை விரித்து, கழிவறை கழுவினால் தங்க இடம் இலவசம் என்று நானும், பாதி நாள் நம் வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்த என் தோழியும் அங்கே இருந்தோமல்லவா? போன வாரம் முதலாளியம்மா, "ஜன்னலோரக் கட்டிலுக்கு ஆள் வர்றாங்க, நல்லா விரிச்சு வை" என்றார். அது என் கட்டில். சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு, "நான் எங்க படுக்கட்டும்?" என்று கேட்டேன்.

"இனிமே வேலைக்கு ஒருத்தி போதும்னு உன் ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். நீயே கிளம்புறதா அவ சொன்னாளே!"

தோழி தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. "நீ எங்க போனாலும் பொழைச்சுப்படி. என்னால முடியாது" என்றாள்.

இப்போது ஒரு கோழிப்பண்ணையில் இருக்கிறேன். கோழிகள் பரவாயில்லை, முகத்தைப் பார்த்துத்தான் கொத்துகின்றன.

ஒரு ஸ்வெட்டர் அனுப்பு. இருவரும் ஒன்றைத்தான் மாற்றி மாற்றிப் போட்டோம்; அது அவளிடம் இருக்கிறது. உன் குரலையும் போனில் பதிவுசெய்து அனுப்பு, என்ன பேசினாலும் சரி.

முட்டை பொறுக்கக் கூப்பிடுகிறார்கள். அவள் அம்மா விசாரித்தால், நாங்கள் சேர்ந்தே இருப்பதாகச் சொல்லிவிடு. "நீ கூட இருக்கேங்கிற தைரியத்துலதான் அனுப்புறேன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னவர்.

உன் மகள்