முழுக்கை ஜாக்கெட்

அம்மிணி,

என் மடியில் ஒரு ஜாக்கெட் கிடக்கிறது. மெரூன் நிறம். மணிக்கட்டு வரை நீளும் முழுக்கை. முழங்கையிலும் தோளிலும் உள்ளே பேட் வைத்துத் தைத்தது. இடது முழங்கையில் நான்கு விரல் அகலத்துக்குக் கிழிந்திருக்கிறது. புதுத்துணியின் கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை, அதோடு விக் ஒட்டுகிற பசையின் வாசனையும் சேர்ந்து வருகிறது. அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறினாலே உனக்குச் சிரிப்பு வந்துவிடும். "ஏனுங்ணா, இன்னிக்கு நீங்க பொண்ணா, பையனா?" என்று கேட்பாய். பனமரத்துப்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில், முற்பகல் வெயிலில் உட்கார்ந்து இதை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இது உனக்குக் கிடைக்காத ஜாக்கெட். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாம் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டபோது நான் சேலை கட்டியிருந்தேன். நாமக்கல் பக்கம் ஒரு பாறைக்குன்றில் படப்பிடிப்பு. கதாநாயகியை நாலு பேர் துரத்த வேண்டும், அவள் பாறையிலிருந்து குதிக்க வேண்டும். கதாநாயகி குடைக்குக் கீழே இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஓடியது நான். படம் பார்க்கிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. கதாநாயகிக்கு டூப் போடுவது பெரும்பாலும் ஒல்லியான ஆண்கள்தான். மீசையை மழித்து, விக் வைத்து, சேலை சுற்றி, முதுகுப் பக்கமாகப் படம் பிடிப்பார்கள். எனக்கு இடுப்பு சிறியது. அந்த இடுப்பு ஆறு வருடம் எனக்குச் சோறு போட்டது.

நீ கூட்டத்தில் நிற்பதற்காக வந்தவள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஓடியதைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாய்.

"ஏனுங்ணா, எந்த ஊருப் பொம்பள ரெண்டு கையிலயும் சேலையத் தூக்கிக்கிட்டு ஓடறா? அவுத்துக்கிட்ட எருமைய வெரட்டற மாதிரி ஓடறீங்க."

"அப்ப நீ ஓடிக் காட்டு, பாக்கலாம்" என்றேன்.

கொசுவத்தை இடது கையில் ஒரே சுருட்டாகச் சுருட்டிப் பிடித்தாய். வலது கையை வீசிக்கொண்டு ஓடினாய். பாறையின் நுனியில் நின்றுவிடுவாய் என்று நினைத்தோம். நீ நிற்கவில்லை. கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை விரித்திருந்தோம். அதன் நட்டநடுவில் முதுகைக் கொடுத்து விழுந்தாய். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாய். உன் அப்பா போர் போடுகிற ரிக் வண்டியின் டிரைவர் என்பதும், எட்டு வயதில் அந்த வண்டிக் கம்பத்தின் உச்சிவரை ஏறி அவரிடம் அடி வாங்கினவள் நீ என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. சண்டைக் காட்சிகளை அமைக்கிற மாஸ்டர் அன்றைக்கே உன் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

ஒரே வருடத்தில் என் சேலை வேலை முழுக்க உன் கைக்குப் போய்விட்டது. எனக்கு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? "என் பொழப்புல மண்ண வாரிப் போட்டுட்டியே அம்மிணி" என்று ஒருநாள் டீக்கடையில் வைத்துச் சொன்னேன்.

"பொம்பள வேசத்துக்குப் பொம்பள வந்தா போயிரும்னா, அது எப்பிடிங்ணா உங்க பொழப்பு?" என்றாய். சொல்லிவிட்டு என் வடையில் பாதியைப் பிட்டுக்கொண்டாய். அதற்கப்புறம் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. நான் கதாநாயகனின் ஆட்களில் ஒருவனாக அடி வாங்கப் போனேன். நீ குதித்தாய், உருண்டாய், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாய். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினோம்.

இந்த ஜாக்கெட் கையின் கதை இங்கேதான் தொடங்குகிறது. நான் பெண் வேடம் போட்ட காலமெல்லாம் எனக்கு முழுக்கை ஜாக்கெட்தான். என் கை நரம்பு தெரியக்கூடாது, ரோமம் தெரியக்கூடாது. என் பொருட்டு அந்தக் காட்சியில் கதாநாயகிக்கும் முழுக்கையே தைப்பார்கள். அந்தக் கைக்குள் முழங்கை பேட், தோள் பேட் எல்லாம் ஒளிந்துகொள்ளும். நீ வந்த பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. "பொண்ணு கைதானே, வெட்டி உடு" என்றார் ஒரு இயக்குநர். முழுக்கை அரைக்கையாயிற்று. அரைக்கையும் போய்க் கையே இல்லாமல் ஆயிற்று. கையோடு பேடும் போயிற்று. ஆணின் கையை மறைக்க வந்த துணி ஆணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு வேலை கொடுத்தோம் என்று மார்தட்டியவர்கள் அவளை வெறும் தோலோடு தரையில் உருட்டினார்கள்.

நீ சும்மா இருக்கவில்லை. தையல் தெரிந்தவள். மெல்லிய ரப்பரை வெட்டி, இரண்டு துணிக்கு நடுவில் வைத்து, வெளியே தெரியாமல் முழங்கையில் பேட் வைத்த ஜாக்கெட் ஒன்றை நீயே தைத்துக்கொண்டு வந்தாய். உடை பார்க்கிறவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கதாநாயகியின் உடை கையில்லாதது, இது ஒத்துவராது என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு நீ கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எங்கம்மா குச்சிக்காட்டுக்குக் கெழங்கு புடுங்கப் போறப்ப எங்கப்பன் சட்டைய மேல போட்டுக்கிட்டுத்தான் போவுது. வேலைக்குப் போற பொம்பள எவ கையக் காட்டிக்கிட்டுப் போறா? நா படியில உருளோணும், எனக்கு மட்டும் ஒரு கை கெடையாதா?"

மரவள்ளிக் காட்டில் வெயிலுக்கும் செடியின் கீறலுக்கும் பயந்து பெண்கள் போட்டுக்கொள்கிற அந்த ஆண் சட்டையை நம் ஊரில் பார்க்காதவர் யார்? எனக்கு மட்டும் அதுவரை அது வெறும் சட்டையாகத்தான் தெரிந்தது, நீ கத்திய பிறகுதான் கவசமாகத் தெரிந்தது.

அப்புறம், பணக்காரர்கள் குடியிருக்கிற ஃபேர்லேண்ட்ஸில் அந்தப் பங்களா.

பதினேழு படி. விளிம்பெல்லாம் கிரானைட். பணக்காரப் பெண் வேடம், கையில்லாத பட்டு ஜாக்கெட். மேல்படியிலிருந்து கீழே வரை நீ உருள வேண்டும். கீழே மெத்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. காலையில் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டாய்.

"மாஸ்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்த கேளுங்ணா. கைக்குத் துணி வேணும்னு. நா கேட்டா வாயாடிங்கறாங்க. நீங்க சீனியரு, உங்க சொல்லு எடுபடும்."

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்த ஒரு தடவ சமாளிச்சுக்க அம்மிணி" என்றேன். மாஸ்டரிடம் வாய் கொடுத்தால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார் என்ற பயம். அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை.

"செரிங்ணா" என்றாய். அவ்வளவுதான்.

மூன்று முறை உருண்டாய். மூன்றாவது முறை எழுந்தபோது இடது முழங்கையில் சதை பிய்ந்திருந்தது. மேக்கப் போடுகிறவர் வந்து இரத்தத்தைத் துடைத்து மேலே பவுடர் பூசினார். மானிட்டருக்குப் பின்னாலிருந்து இயக்குநரின் குரல் வந்தது: டூப்பின் முகம் தெரிகிறது, ஒன் மோர்.

நான்காவது முறை உருண்டதை ஒரு ஃபைட்டரின் கண்ணோடு நான் பார்த்தேன். படியில் உருளும்போது முழங்கையை வெளியே கொடுத்துத்தான் தலையைக் காப்பாற்றுவோம். ஒவ்வொரு படியிலும் முழங்கை முதலில் தொட வேண்டும். பிய்ந்த முழங்கையை உன்னால் கொடுக்க முடியவில்லை. உடம்பு தானாக அதை உள்ளே இழுத்துக்கொண்டது. முழங்கை வாங்க வேண்டிய அடியைத் தலை வாங்கியது.

எழுந்து நின்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். டீ குடித்தாய். "தல கிண்ணுனு இருக்குதுங்ணா" என்றாய். "வெயிலு, படுத்தா செரியாப் போயிரும்" என்றேன். பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாக, "போயிட்டு வாரேனுங்ணா" என்றாய்.

மறுநாள் காலையில் உன் அம்மா எழுப்பியபோது நீ எழவில்லை. உன் வீட்டுக்கு நான் வந்தபோது அம்மா உன் அப்பாவின் முழுக்கைச் சட்டையோடுதான் உட்கார்ந்திருந்தார். காட்டுக்குக் கிளம்பி நின்றவர். பொத்தான்கூடக் கழற்றவில்லை. அந்தச் சட்டையைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

மாஸ்டரிடம் பிறகு நான் கையைப் பற்றிச் சொன்னேன். தாமதமாகத்தான், ஆனாலும் சொன்னேன். "தலையில அடிபட்டதுக்கும் ஜாக்கெட் கைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார். முப்பது வருடம் படியில் உருண்ட மனிதர். சம்பந்தம் அவருக்குத் தெரியாதா? படம் வந்தது. "அந்தப் படியில் நானே உருண்டேன்" என்று கதாநாயகி பேட்டி கொடுத்தாள். அவளைத் திட்ட எனக்கு மனமில்லை, அவளுக்கும் யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். பெயர் போடுகிறபோது நான் தியேட்டரில் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு கொண்டுவந்த வண்டிக்காரர் பெயர்கூட இருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் சென்ற வாரம் நடந்தது.

மாஸ்டர் போன் செய்தார். புதுப் படம், வாழப்பாடி தாண்டி ஒரு பழைய மாளிகை, மறுபடியும் படி. "இனிமே பொம்பளைங்க வேணாம்ப்பா, ரிஸ்க்கு. நீயே வந்து சேலை கட்டிக்க" என்றார். உன் சாவிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அதுதான், அம்மிணி. பெண்ணுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது தொல்லை, பெண்ணையே எடுத்துவிடலாம். நீ செத்ததால் என் வேலை எனக்குத் திரும்பி வந்திருந்தது.

போனேன். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். உடை பார்க்கிறவர் இந்த ஜாக்கெட்டை என்மேல் வீசினார். முழுக்கை. உள்ளே பேட். நான் வாயே திறக்கவில்லை, எல்லாம் தயாராக இருந்தது. கதாநாயகியும் அந்தக் காட்சிக்கு அதே மெரூன் முழுக்கையில் உட்கார்ந்திருந்தாள். நீ கத்தியும் வராத கை எனக்குக் கேட்காமலே வந்துவிட்டது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். விக் ஒட்டக் கழுத்தில் பசை தடவினார்கள். அந்த வாசனை வந்ததும் எழுந்துவிட்டேன்.

கோமதி என்று ஒரு பெண் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். வாழப்பாடிக்காரி, நம் தொழிலுக்குப் புதிதாக வந்தவள். ஓடுகிற ஷாட்டுக்கு மட்டும் கூப்பிட்டிருந்தார்கள்.

"படியில நீ போறியா?" என்று கேட்டேன்.

"ஆறு மாசமா அதத்தாண்ணே நான் கேட்டுக்கிட்டு இருக்கேன். இப்பத்தான் உங்க கண்ணுக்குத் தெரியறனா?" என்றாள். உன்னைப் போலவே ஒரு நாக்கு.

ஜாக்கெட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். மாஸ்டர் வந்தார்.

"உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"கை தச்சாச்சு. பேடும் இருக்குது. ஹீரோயினும் முழுக்கையிலதான் இருக்காங்க. பொம்பளப் புள்ள போட்டா இந்தக் கை என்ன சுருங்கிருமா?"

"நீ கட்டிக்கிறியா, இல்லியா?"

"கட்டமாட்டேன் மாஸ்டர். சேலையும் கட்டமாட்டேன், விக்கும் வெக்கமாட்டேன். இவ போறதா இருந்தா நான் கீழ மெத்தை புடிக்கிறேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேறு ஆள் வர மத்தியானம் ஆகிவிடும். மாஸ்டர் என்னை முறைத்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார். கோமதி இரண்டு முறை உருண்டாள். முழங்கையை ஒவ்வொரு படிக்கும் தாராளமாகக் கொடுத்து உருண்டாள். இரண்டாவது முறையில் துணி கிழிந்தது. மானிட்டருக்குப் பின்னாலிருந்து அதே வார்த்தை வந்தது: ஒன் மோர்.

நான் மெத்தையை விட்டுவிட்டுப் போய்ப் படியின் நடுவில் உட்கார்ந்தேன்.

"கை கிழிஞ்சிருச்சு. வேற ஒண்ணு தச்சுட்டு வாங்க, அப்பறம் போவா."

என்னைத் திட்டாத ஆள் அங்கே இல்லை. எவன்டா நீ, யூனிட்டே நிக்குதுடா, எந்திர்றா என்றார்கள். நம்மோடு எத்தனையோ படங்களில் உருண்ட ஃபைட்டர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஃபேர்லேண்ட்ஸில் நான் பார்த்த அதே தரைதான் அது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் கோமதி ஒருத்திதான். அரைமணி நேரத்துக்குப் பிறகு, இரண்டாவதே போதும் என்று மானிட்டர் சொல்லிவிட்டது. போதுமாக இருந்தது, அம்மிணி. உன்னுடைய மூன்றாவதும் போதுமாகத்தான் இருந்திருக்கும்.

இனி என்னைக் கூப்பிட மாட்டேன் என்று மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். "செரிங்க" என்றேன். இத்தனை வருடமாக நான் பயந்தது மாஸ்டரின் அந்தச் சொல்லுக்குத்தான். காதில் விழுந்தபோது ஒன்றும் ஆகவில்லை. பசிக்கத்தான் செய்தது.

கிழிந்த ஜாக்கெட் இனி ஆகாது என்று உடை பார்க்கிறவர் விட்டுவிட்டார், நான் எடுத்து வந்தேன். கிழிந்த இடத்தை இப்போது தைத்துக்கொண்டிருக்கிறேன். உன் தையல் நேராக இருக்கும், என்னுடையது கோணல். பேடில் ஒரு கீறல் இருக்கிறது. கோமதியின் முழங்கையை நானே திருப்பிப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை. அடுத்த மாதம் வேறொரு படத்துக்குப் போகிறாள், இந்த ஜாக்கெட்டைக் கேட்டிருக்கிறாள். "கைய வெட்டச் சொன்னாங்கன்னா எனக்குப் போன் போடு, நான் வந்து கேக்கறேன்" என்றேன்.

"நீங்க எதுக்குண்ணே? எனக்கு வாய் இல்லியா?" என்றாள்.

நீயும் எப்போதும் அப்படித்தான் சொல்வாய். எனக்காக நீங்கள் கேளுங்கள் என்று நீ என்னிடம் சொன்னது ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளை நான் எங்கேயும் இறக்கி வைக்கப்போவதில்லை. இனி எந்தப் படியைப் பார்த்தாலும் அதோடுதான் போய் உட்காருவேன்.