உன் அம்மா குறைத்த பன்னிரண்டு கிலோ

ஆலங்குடி,
ஐப்பசி 12

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் இங்கே எங்களுக்குப் பொழுது விடிகிறது. நாங்களும் சுகம் என்று எழுதினால், மூன்று மாதமாகச் சொல்லிவரும் பொய்களோடு அதுவும் ஒன்றாகிவிடும். ஃபோன் இருக்கும்போது அப்பா ஏன் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் உன் முகம் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, புதுக்கோட்டையில் ஆபரேஷன் நடந்தது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள், பயப்படாதே. உன்னிடம் மறைத்தது நான். அவள் விழுந்ததற்கும் நான்தான் காரணம்.

போன கார்த்திகையில் எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அவர் மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறைங்க, நடங்க, முட்டை மீன் பயறு நல்லாச் சாப்பிடுங்க, கொஞ்சம் கனம் தூக்கிப் பயிற்சியும் செய்யுங்க என்றார். எனக்கு அதில் பாதிதான் காதில் ஏறியது. மண்டியில் தேங்காய் லோடு வராத நேரமெல்லாம் ஃபோனில் வீடியோ பார்த்து, நானே ஒரு வைத்தியம் வகுத்துக்கொண்டேன். காலையில் கொத்தமல்லித் தண்ணீர், பகலில் ஒரு கைப்பிடி சோறும் காயும், ராத்திரிக்கு மோர், இரண்டு வேளையும் நடை, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது. டீக்கடையில் என்னை நிறுத்தி வைத்து எடை குறைக்க வழி கேட்டார்கள். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவும், அதையே பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் உன் அம்மா பக்கம் திரும்பினேன். அவளுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில்தான் இருந்தது, எடை எழுபத்து நாலு. மாசி மாதத்திலிருந்து அவளுக்கும் என் சாப்பாடுதான். முட்டை கொழுப்பு என்று நிறுத்தினேன், மீன் வாங்குவதையும் நிறுத்தினேன். அவள் தட்டில் எத்தனை இட்லி என்று எண்ணினேன் தாயி. வெள்ளிக்கிழமைதோறும் அவளை எடை மிஷினில் நிறுத்தி, குறையாத வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. சொர்ணவல்லி அத்தை பேத்திக்குக் காது குத்தினார்களே, அந்தப் பந்தியில் அம்மா இலையில் வடை வைத்தார்கள். எதிர் வரிசையிலிருந்து நான் எழுந்துபோய், அத்தனை பேர் பார்க்க அதை எடுத்தேன். இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு இன்னும் வடை கேக்குதா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், பாயாசம் வருவதற்கு முன்பே இலையை மடித்துவிட்டாள்.

சித்திரையில் நீ ஃபோனில் பார்த்துவிட்டு, அம்மா ஏன்ப்பா இப்படி வாடிப் போயிட்டாங்க என்று கேட்டாய். அது வாட்டமில்ல, ஆரோக்கியம் என்று உன்னை அடக்கினேன். அம்மாவும் சொல்லித்தான் பார்த்தாள், என்னங்க, தொடையில பலமே இல்ல, கீழ ஒக்காந்தா எந்திரிக்க முடியல, செவத்தப் புடிக்க வேண்டியிருக்கு என்று. கொழுப்பு கரையுது, அப்படித்தான் இருக்கும் என்றேன். ஆடி இரண்டாவது செவ்வாய், அறந்தாங்கியிலிருந்து வந்து பஸ்ஸ்டாண்டில் இறங்கினாள். யாரும் தள்ளவில்லை, பஸ்ஸும் நின்றுதான் இருந்தது. கடைசிப் படியில் முழங்கால் தாங்காமல் மடங்கி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். எடை அன்றைக்கு அறுபத்திரண்டு. நான் வைத்த கணக்குப்படி இன்னும் நாலு கிலோ பாக்கி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம், எலும்பு எல்லாம் பார்த்துவிட்டு, அஞ்சே மாசத்துல இவ்வளவு எடை எப்படிக் குறைஞ்சுச்சு, யாரு இப்படிச் சாப்பிடச் சொன்னது என்று கேட்டார்கள். நான் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். படுத்த படுக்கையில் உன் அம்மா, நானாத்தாங்கம்மா டயட்டுல இருந்தேன், அவரு ஒண்ணும் சொல்லல என்றாள். படிச்சவங்க மாதிரி தெரியிறீங்க, இப்படியாப் பட்டினி கெடப்பீங்க என்று டாக்டரம்மா அவளைத்தான் திட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் விழுந்ததைக்கூட விதி என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு நிமிடம் நான் சும்மா நின்றதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. உனக்குத் தெரிந்தால் லீவு இல்லாமல் தவிப்பாய் என்று அம்மாவிடம் சொல்லி மறைக்கச் சொன்னேன். உள்ளபடி, நீ காரணம் கேட்பாய் என்றுதான் பயந்தேன். அவள் முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு பயிற்சி சொல்லித்தர ஜெரால்டு என்று ஒருத்தர் வந்தார், மீமிசல் பக்கம், உன் வயசுதான் இருக்கும். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அய்யா நீங்களும் கையை மாரோட கட்டிக்கிட்டு நாற்காலியிலிருந்து அஞ்சு தடவ எந்திரிங்க பாப்போம் என்றார். நாலாவது தடவை என்னால் எழ முடியவில்லை. ஊருக்கே வழி சொன்னவன் தொடை நடுங்க உட்கார்ந்திருந்தேன். எடை கொறைஞ்சது நல்லதுதான், ஆனா ஒங்களுக்கு கொழுப்போட சதையும் சேந்து கரைஞ்சுருச்சு, நாம சாப்பிடுற சர்க்கரைய வாங்கிச் செலவழிக்கிறதே பெரும்பாலும் சதைதான், அத இழந்துட்டு வெறும் நடை நடந்தா எப்படிய்யா என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மா அங்கிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், எனக்காக.

மறு வாரம் டாக்டரம்மாவிடம் போனபோது, அவ பொய் சொன்னா, நான்தாங்க சாப்பிட விடல என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் அம்மா, இப்பச் சொல்லி என்னாகப் போவுது என்றாள். என் பேச்சைக் கேட்டு நடந்தவர்கள் வீட்டுக்கும் போனேன். பக்கத்துத் தெரு செல்வராணி மாத்திரையையே விட்டிருந்தது. நான் சொன்னது தப்பு, டாக்டரைப் பார் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். டீக்கடைக்கு இப்போது போவதில்லை.

இப்போது சமையல் என் பொறுப்பு. புதனும் சனியும் கட்டுமாவடி மீன், தினம் இரண்டு முட்டை, சாயங்காலம் அவித்த கடலையோ சுண்டலோ. சோறு அளவாக உண்டு. அம்மா நாற்காலியிலிருந்து பத்துப் பத்தாக மூன்று முறை எழுந்து உட்காருகிறாள், காலில் அரைக் கிலோ மணல் பை கட்டி நீட்டி மடக்குகிறாள். நானும் எதிரில் அதையே செய்கிறேன். போன வாரப் பரிசோதனையில் இரண்டு பேருக்கும் சர்க்கரை நன்றாகவே இருக்கிறது. அம்மாவுக்கு வலது கால் மட்டும் கொஞ்சம் கட்டையாகிவிட்டது, தரையில் இனி உட்கார முடியாது என்கிறார்கள். என்ன செய்தாலும் ஒன்று மாறவில்லை தாயி. இரண்டாவது கரண்டி எடுக்கும் முன் அவள் இன்னும் என் முகத்தைப் பார்க்கிறாள், கை அந்தரத்தில் நிற்கிறது. அதனால் எல்லாவற்றையும் அவள் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு, சாப்பிட்டு முடிக்கிறவரை நான் வாசலில் போய் நிற்கிறேன்.

நீயும் காலையில் காபியோடு ஓடாதே. பட்டினியால் மெலிந்தவர்களை யார் புகழ்ந்தாலும் நம்பாதே. என் மேல் உனக்குக் கோபம் வரும், அதை அடக்க வேண்டாம், ஃபோனிலேயே திட்டு. நம் குலதெய்வம் உன்னையும் மாப்பிள்ளையையும் குறைவில்லாமல் காக்கட்டும், நல்ல கைகாலோடு நெடுநாள் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் நேரம் காலை பதினொரு மணிக்கு நான் மண்டியில் இருப்பேன், அப்போது கூப்பிட்டால் அம்மா உன்னோடு தனியாகப் பேசலாம். மறந்துவிடாதே. என்ன சாப்பிட்டீங்க என்று மட்டும் அவளிடம் கேட்காதே. வேறு எதையாவது பேசு.

உன் அப்பா,
ஆண்டியப்பன்